மருந்து போட்டாச்சோ?

அவர் கேட்டார். நான் "ஓம்" என்றேன். பிறகு எல்லோருக்கும் முன்னால், "இல்லை" என்றுதான் சொன்னேன் என்று சாதித்தேன்.

இவ்வளவுதான் என் குற்றம். ஒரேயொரு சொல்லை மாற்றினேன். கொலை செய்யவில்லை, களவெடுக்கவில்லை என்று நீங்கள் என்னைத் தேற்ற வேண்டாம். களவெடுத்தேன்! ஒரு மனிதர் தன் ஞாபகத்தின்மேல் வைத்திருந்த நம்பிக்கையை, அவர் கண்ணுக்கு முன்னாலேயே களவெடுத்தேன். அந்த மனிதர் என் அத்தான். அக்காவின் கணவர். என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டவர்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதுதான் வசதி. தெரிந்தவர்களிடம் வாய் திறக்கத் துணிவில்லாதவன்தான் இப்படித் தெரியாதவர்களைப் பிடித்து வைத்துப் புலம்புவான். கேளுங்கள்...

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்கிற எங்கள் புறநகரில் அத்தான் மஞ்சள் நிறப் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். எந்தப் பிள்ளை எந்த மூலையில் இறங்கும், எந்தப் பிள்ளைக்குக் கச்சான் கடலை ஒத்துக்கொள்ளாது, எந்தப் பிள்ளையின் தாய் வாசலில் நிற்காவிட்டால் இறக்கிவிடக் கூடாது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். எங்கள் குடும்பத்தின் பிறந்தநாட்களும் திவசங்களும் அவர் தலைக்குள்தான் இருந்தன. கலியாண வீட்டில் ஒருவரை அடையாளம் தெரியாமல் நான் முழித்தால், அக்கா முழங்கையால் இடித்து "அத்தானைக் கேள்" என்பா. அவர் சொல்லுவார். ஒருநாளும் பிழைத்ததில்லை.

நான் அதற்கு நேர்மாறு. கார்த் திறப்பை மறப்பேன், கண்ணாடியை மறப்பேன், மகளை நடன வகுப்பிலிருந்து கூட்டிவர மறப்பேன். "வசந்தன்ரை தலை தேத்தண்ணி வடி. சாயம் கீழை போயிடும், தூள்தான் மிஞ்சும்" என்று அத்தான் பகிடி பண்ணுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு சின்னக் கசப்பு கிடந்தது என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன். அது இல்லாமல் அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்திருக்குமா?

வேட்டைக்குப் போகும் எண்ணம் எங்கள் கூட்டாளி அன்ரனுடையது. மன்னார் ஆள், லவாலில் வீடு, கூரை போடுகிற வேலை, ஓயாத வாய். ஒரு பிறந்தநாள் விருந்தில் அத்தான், தான் இளம் வயதில் வன்னிக் காட்டில் இடியன் துவக்கோடு பன்றி வேட்டைக்குப் போனதைப் போகிறபோக்கில் சொன்னார். தொலைபேசியை நோண்டிக்கொண்டிருந்த அன்ரன் கொஞ்ச நேரத்தில் துள்ளி எழும்பினான்.

"அண்ணை! உங்கட இடியன் இஞ்சையும் இருக்குது. லவாலுக்கு அங்காலை, வடக்கை, மலைப்பக்கம். பண்டியும் அவங்கள் தருவாங்கள், துவக்கும் அவங்கள் தருவாங்கள். நாங்கள் போய்ச் சுட வேண்டியதுதான்!"

அது வேலி அடைத்த பெரிய காடு. உள்ளே காட்டுப்பன்றிகளை வளர்த்து விட்டிருந்தார்கள். பழைய முறைத் துவக்கால் சுட ஆசைப்படுகிறவர்களுக்கும் இடமுண்டு. வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அனுமதி எடுத்து, இரண்டு வான் நிறைய ஆட்களாகப் புறப்பட்டோம். அக்கா இடியப்பமும் சம்பலும் கட்டித் தந்தா. கூடவே ஒரு சட்டமும் போட்டா.

"சாமியறை இருக்கிற வீடு. பண்டி கராஜைத் தாண்டி உள்ளுக்கை வரக் கூடாது. கராஜுக்கை வைச்சு எதையெண்டாலும் திண்டு துலையுங்கோ!"

இடியனைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அதற்குத் தோட்டா கிடையாது. குழலின் வாய்வழியே முதலில் கருமருந்தைக் கொட்ட வேண்டும். அதன்மேல் துணி சுற்றிய ஈயக் குண்டு. பிறகு நீளமான கோலால் இடித்து இடித்து அடிக்கு இறக்க வேண்டும். அதனால்தான் அது இடியன். ஒரு வெடிதான் வைக்கலாம். அடுத்த வெடிக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தக் கருமருந்தை எங்கள் ஆட்கள் கருமருந்து என்று நீட்டி முழக்குவதில்லை. மருந்து, அவ்வளவுதான். அத்தானும் அப்படியே சொன்னார். பலகைக்குச் சுட்டுப் பழகும்போது எனக்கும் ஒரு வேலை தந்தார்.

"நீ மருந்தைப் போடு. நான் குண்டை இடிக்கிறன். இடிக்க முந்தி நான் கேப்பன், நீ சொல்லோணும். வாயாலை சொல்லோணும், தலையாட்டக் கூடாது."

மருந்தை அளந்து சின்னச் சின்னக் குழாய்களில் அடைத்துத் தந்திருந்தார்கள். நான் கொட்டினேன், அவர் கேட்டார், நான் சொன்னேன், அவர் இடித்தார். முதல் வெடியே பலகையின் நடுவில்! புகைக்குள்ளிருந்து அவர் திரும்பிச் சிரித்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

பிறகு காட்டுக்குள் போனோம். அத்தானுக்கும் எனக்கும் அன்ரனுக்கும் ஒரே இடம். கொஞ்சம் தள்ளி வழிகாட்டி நின்றார். லூக் என்று பெயர், நல்ல மனிதர். மற்றவர்கள் காட்டின் மறுபக்கம். நிலத்தில் முதல் ஸ்னோ மெல்லியதாகத் தூவியிருந்தது. நான் மருந்துக் குழாயைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து என் தொலைபேசி அதிர்ந்தது. அக்கா.

"ரெண்டு பேரும் மருந்து போட்டாச்சோ?"

எனக்குப் பிறஷர், அத்தானுக்குச் சீனி வருத்தம். மாத்திரையை நாங்கள் குளிசை என்று சொல்கிற ஆட்கள். அக்காவும் அன்று குளிசை என்று கேட்டிருக்கலாம்... ஆனால் அவவுக்குக் குளிசையும் மருந்துதான், இருமல் பாணியும் மருந்துதான், கொத்தமல்லி அவித்த தண்ணீரும் மருந்துதான். அத்தான் காலையிலேயே தன் குளிசையைப் போட்டுவிட்டார். அவர் மறக்கிற ஆளா? மறந்தவன் நான். கையிலிருந்த குழாயை அங்கே வெட்டி விட்டிருந்த ஒரு அடிமரத்தின்மேல், தேத்தண்ணிப் பிளாஸ்குக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். பையைத் துழாவி என் குளிசையை எடுத்து வாயில் போட்டுத் தேத்தண்ணியால் விழுங்கினேன்.

தேத்தண்ணி இன்னும் தொண்டையில் சுட்டுக்கொண்டிருந்தது. துவக்கோடு நின்ற அத்தான் காட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"மருந்து போட்டாச்சோ?"

"ஓம் அத்தான், போட்டாச்சு."

வாயால் சொன்னேன், அவர் சொல்லித் தந்த மாதிரியே! அவர் குழலுக்குள் போன மருந்தைக் கேட்டார். நான் என் வயிற்றுக்குள் போன மருந்தைச் சொன்னேன். அன்ரன் சற்று அப்பால் தன் துவக்கை இடித்துக்கொண்டிருந்தான், நாங்கள் கதைத்தது அவனுக்குக் கேட்கவில்லை. அவர் துணியைச் சுற்றினார், குண்டை வைத்தார், இடித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றும் உறைக்கவில்லை.

இதுவரைக்கும் நடந்தது பிழை. வெறும் பிழை. இதற்காக நான் உங்களிடம் வரவில்லை.

பன்றி வந்தது. அன்ரன் முதலில் சுட்டான். பட்டது, ஆனால் விழவில்லை. அது புகையைக் கிழித்துக்கொண்டு அவனையே குறிவைத்து ஓடி வந்தது. அவன் கையில் இப்போது வெறும் குழல். அத்தான் பதறவில்லை. ஒரு காலை முன்னே வைத்தார், மூச்சை அடக்கினார், விசையை இழுத்தார்.

டிக்.

அவ்வளவுதான் சத்தம்!

பன்றி அன்ரனை அடித்து விழுத்தியது. அதன் கோரைப்பல் அவன் தொடையைக் கிழித்தது. லூக் ஓடி வந்து தன் துவக்கால் அதை வீழ்த்தினார். வெள்ளை நிலமெல்லாம் இரத்தம். என் கழுத்துச் சால்வையால் அன்ரனின் தொடையை இறுக்கிக் கட்டினோம். லூக் அம்புலன்ஸுக்கு அறிவித்துவிட்டு, அத்தானின் துவக்கை வாங்கி, கோலை உள்ளே விட்டுப் பார்த்தார். அது போக வேண்டிய அளவையும் தாண்டி உள்ளே போனது. அவர் அத்தானை நிமிர்ந்து பார்த்து, "பா து பூத்ர்" என்றார். மருந்து இல்லை.

பிரெஞ்சுக்காரருக்குத் துவக்குக்குப் போடுவது ஒரு சொல், வாய்க்குப் போடுவது வேறொரு சொல். அவருடைய மொழியில் இந்தப் பிழை நடந்தேயிருக்காது. எங்களுக்கோ உயிரைக் காப்பதும் மருந்து, உயிரை எடுப்பதும் மருந்து...

"எந்த மடையன் மருந்து போடேல்லை?" வலியில் அன்ரன் கத்தினான்.

அப்போதுதான் நான் அடிமரத்தைப் பார்த்தேன். பிளாஸ்குக்குப் பக்கத்தில், நிரம்பியபடி, வைத்த இடத்திலேயே நின்றது குழாய். எல்லாம் ஒரே நொடியில் விளங்கிற்று. எனக்கு மட்டும்!

அத்தான் என் பக்கம் திரும்பினார். அவர் பார்வையில் கோபமில்லை. கூட நின்றவனைச் சாட்சிக்கு அழைக்கிற பார்வை அது.

"நான் வசந்தனிட்டைக் கேட்டனான். போட்டாச்சு எண்டவன்."

"இல்லை அத்தான்," என்றேன் நான். "நான் இன்னும் இல்லை எண்டுதானே சொன்னனான். நீங்கள் சரி விடு, நானே போடுறன் எண்டனீங்கள்."

எங்கேயிருந்து வந்தது அது? நான் யோசிக்கவில்லை, சத்தியமாக யோசிக்கவில்லை. "சரி விடு" என்று அவர் வழக்கமாகச் சொல்லும் சொல்லைக்கூட விடாமல் சேர்த்துக்கொண்டு வந்ததே! மகளைக் கூட்டிவர மறக்கிறவனுக்கு, நடக்காத ஒன்றை இவ்வளவு திருத்தமாக ஞாபகம் வைத்திருக்க எப்படி முடிந்தது?

அவர் என்னோடு சண்டை பிடித்திருக்கலாம். நாயே, பொய் சொல்லாதை என்று அறைந்திருக்கலாம். நான் அந்த இடத்திலேயே உடைந்து உண்மையைக் கக்கியிருப்பேன். அவர் அறையவில்லை. நெற்றியைத் தடவினார்.

"இல்லையெண்டோ சொன்னனி? எனக்கு ஓம் எண்டு கேட்ட மாதிரி..."

என்னைப் பார்த்தார். நான் கண்ணை விலக்கவில்லை. விலக்கியிருந்தால் பிடிபட்டிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அவர்தான் கண்ணை விலக்கினார்.

"அப்ப நான்தான் மறந்துபோனன்," என்றார்.

என்னைச் சந்தேகிப்பதைவிடத் தன்னைச் சந்தேகிப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்மேலேயே அருவருப்பு வருகிறது.

அன்ரன் பிழைத்தான். ஆனால் அவனால் இனிக் கூரையில் ஏற முடியாது. ஒரு டெப்பனரில், தெருமுனைச் சில்லறைக் கடையில், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து சிகரெட்டும் பாலும் விற்கிறான். கொஞ்சம் நடக்கத் தொடங்கியதும் பொல்லை ஊன்றிக்கொண்டு அத்தானைப் பார்க்க வந்தான். "விடுங்கோ அண்ணை, வயசு போனா ஆருக்கும் வாறதுதானே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். நல்ல மனதோடுதான் சொன்னான். அத்தானுக்கு அப்போது அறுபதுகூட ஆகவில்லை. எனக்கு வர வேண்டிய ஏச்சு அவருக்கு மன்னிப்பாகப் போய்ச் சேர்ந்தது. நான் மூன்று பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அக்கா ஏசவில்லை, அழுதா. "துவக்குக்கு மருந்து போட மறந்த மனுசன் நாளைக்கு ஒரு பிள்ளையை இறக்க மறந்தால்..." என்று தொடங்கினா. அவ முடிப்பதற்குள் அவர், "நானும் அதைத்தான் யோசிச்சனான்" என்றார். அந்தக் கிழமையே பஸ் வேலையை விட்டார். கடைசி நாளில் பிள்ளைகள் கீறிக் கொடுத்த படங்கள் இன்னும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கின்றன. அவர்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் நான் அந்தக் கதவைத்தான் திறக்க வேண்டும்.

வேட்டையில் நடந்ததை யாராவது கேட்டால் அவர் எப்படிச் சொல்லுவார் தெரியுமா? "வசந்தன் இல்லையெண்டு சொன்னவனாம். நான் சரி விடு, நானே போடுறன் எண்டு சொன்னனானாம்." சொன்னனானாம்! தன் வாயிலிருந்து வந்ததாக நான் கட்டிவிட்ட சொல்லை, அடுத்த வீட்டுக் கதை போல 'ஆம்' போட்டுச் சொல்கிறார். அந்த 'ஆம்' வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் என் பக்கம் திரும்புவார். சரியாகச் சொல்கிறேனா என்று கேட்பது போல. நான் தலையாட்டுவேன்.

பிறகு அடுப்பை அணைத்தேனா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கத் தொடங்கினார். கதவைப் பூட்டிவிட்டுத் தெருவரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்த்தார். ஒரு கலியாண வீட்டில், எதிரே வந்தவரை எனக்குத் தெரியவில்லை. பழக்கத்தில், "இவர் ஆர் அத்தான்?" என்று கேட்டுவிட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது, முகத்தில் கண்டேன். பெயர் உதடுவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "அக்காவைக் கேள்" என்றார்.

இதற்குமேல் தாங்காது என்று நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எவ்வளவு அக்கறையான மைத்துனன்!

ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் ஒரு நிபுணர். மணிக்கூட்டுப் படம் கீறச் சொன்னார், சொற்களைச் சொல்லிவிட்டுப் பிறகு திருப்பிக் கேட்டார், எண்களைப் பின்பக்கமாக எண்ணச் சொன்னார். கடைசியில், ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை, மனந்தான் சோர்ந்திருக்கிறது என்றார். அதை அத்தானுக்குத் தமிழில் சொன்னவன் நானேதான்.

திரும்பும் வழியில் பாலத்தின்மேல் வாகனங்கள் நெருக்கி அடித்து நின்றன. கீழே ஆறு. அத்தான் யன்னலைப் பார்த்தபடி, "டாக்டருக்கு என்ன தெரியும்? அவர் அண்டைக்கு அங்கை நிண்டவரோ? நீ நிண்டனி," என்றார்.

படித்த டாக்டரின் வார்த்தையைவிட என் பொய் அவருக்குப் பெரிது! சொன்னேன். அங்கேயே, காரை நிறுத்திய நிலையிலேயே சொன்னேன்.

"அத்தான், நீங்கள் அண்டைக்கு என்னட்டைக் கேட்டனீங்கள். நான் ஓம் எண்டுதான் சொன்னனான். நீங்கள் மறக்கேல்லை. பிழை என்ரை."

முன்னால் நின்ற கார் நகர்ந்தது, பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். அவர் கை மெதுவாக வந்து என் முழங்காலில் தட்டியது.

"உது காணும், விடு தம்பி. நீ நல்ல பிள்ளை. என்னைத் தேத்திறதுக்காகப் பழியை உன்ரை தலையிலை அள்ளிப் போடாதை. எனக்காகப் பொய் சொல்லாதை."

அந்த வேட்டையைப் பற்றி நான் சொன்ன ஒரேயொரு உண்மையை அவர் பொய் என்றார்!

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். காரை ஓரங்கட்டியிருக்க வேண்டும். அக்காவின் அழைப்பு, அடிமரம், பிளாஸ்கு, தொண்டையைச் சுட்ட தேத்தண்ணி, ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருந்த இரண்டு மருந்து... ஒவ்வொன்றாக எடுத்து அவர் முன்னால் வைத்திருந்தால் அவர் நம்பியிருப்பார். கூர்மையான மனிதர், பிடித்திருப்பார். நான் வைக்கவில்லை. ஏனென்றால், அவர் நம்பவில்லை என்று கண்டதும் எனக்குள் ஒரு ஆறுதல் பரவிற்று. சொல்லியும் ஆயிற்று, பிடிபடவும் இல்லை! இதைத்தான் ஐயா உங்களிடம் சொல்ல வந்தேன். பொய் சொன்ன அன்று பயந்துவிட்டேன் என்று ஒரு சாக்காவது உண்டு. பாலத்தில் நின்ற அன்று எனக்கு என்ன சாக்கு?

காரைக் கிளப்பினேன். அன்று பின்னேரமே அத்தான் நடந்ததை அக்காவிடம் சொல்லிவிட்டார். அவ கண்கலங்கி என்னைக் கூப்பிட்டா. "உன்னை மாதிரி ஒரு தம்பி ஆருக்கடா கிடைப்பான்!" செயின்ற் றெஜிஸ் முருகன் கோயிலில் என் பெயருக்கு ஒரு அர்ச்சனையும் செய்வித்தா. வீபூதியை அவவே என் நெற்றியில் பூசிவிட்டா. நான் குனிந்து காட்டினேன்.

அன்ரனிடம் சொல்லலாம். அக்காவிடம் சொல்லலாம். அவர்கள் கேள்வி கேட்பார்கள், துருவுவார்கள், கடைசியில் நம்புவார்கள். அதனால்தான் அவர்களிடம் சொல்லவில்லை. நம்பமாட்டார் என்று தெரிந்த ஒருவரிடமும், என் முகத்தைப் பார்த்திராத உங்களிடமும் மட்டும் சொல்லியிருக்கிறேன். என் துணிவு அந்தளவுதான்.

போன கிழமை காலையில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் மேசையில் இருந்தார். என் கண்ணுக்கு முன்னால் குளிசையை வாயில் போட்டார், தண்ணீர் குடித்தார், கோப்பையைக் கீழே வைத்தார். குசினிக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

"மருந்து போட்டாச்சோ?"

அவர் கோப்பையைப் பார்த்தார். அதில் பாதித் தண்ணீர் இருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, போட்டனானோ?"

"ஓம் அத்தான், போட்டாச்சு."

அதே சொல். அன்று சொன்ன அதே சொல். அவர் முகம் தெளிந்தது. குசினிப் பக்கம் திரும்பி, அக்காவுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"போட்டாச்சாம்!"